நான்கு விழுக்காடு

3 மார்ச்

மச்சான்,

மெசேஜ் போட்டா நீ பதில் போடமாட்ட. பேப்பர்ல எழுதினா உன்னால பதில் போடாம இருக்க முடியாது, ஃபைல்ல ஒரு பக்கம் பாக்கி நிக்குமே. அதான் எழுதறேன்.

விஷயம் இதுதான். இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னாடி, தையல்கடை மாடியில நாம மூணு பேரும் பதிஞ்ச கேசட்டை இசைத்தட்டா போடணும்னு ஸ்டிக்கர் கேட்கறான். அவன் யாருன்னு உனக்குத் தெரியாது. சின்னதா ஒரு லேபிள் நடத்தறான். ரேடியோ தொடாத ராப் மட்டும்தான் போடுவான், விளம்பரம்னு பார்த்தா சுவருக்குச் சுவர் ஸ்டிக்கர்தான். போன மாசம் ‘வாடகை’னு ஒரு பொண்ணோட ஆல்பம் வந்துச்சு, வீடு காலி பண்றதைப் பத்தியே ஒன்பது பாட்டு. இந்த மாசம் ‘ரெண்டாவது ஷிப்ட்’, பேக்கரியில வேலை பார்க்கற ரெண்டு பேர். மாவு பிசையற மெஷின் சத்தத்தையே பீட்டா வச்சிருக்காங்க. அடுத்தது நம்மளோடது. முந்நூறு காப்பி. ஏப்ரல் 26, சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, நான் டீஜேவா தட்டு வாசிக்கற அதே அண்டர்கிரவுண்ட் கிளப்ல வெளியீடு.

மூணு கையெழுத்து வேணுமாம். பீட் என்னோடது, போட்டுட்டேன். நடுவுல வர்ற பல்லவி உன் தங்கச்சி பாடினது. அவளுக்காகப் புருஷன்ங்கற முறையில நானே போட்டுட்டேன். ராப் எழுதினதும் பாடினதும் நீ. உன் இடம் காலியா இருக்கு. பாட்டோட காப்பி பென்டிரைவ்ல வச்சிருக்கேன்.

அவ போய் எட்டு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை தவறாம வாசிக்கறேன். கை அது பாட்டுக்கு வேலை செய்யுது, ஜனம் ஆடுது, எனக்கு பஸ்ல ஜன்னல் சீட்ல உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு. சோகம்னும் சொல்ல முடியல. அவ சாவுக்கு நீ வந்த, கேட் பக்கத்துல நின்ன, போயிட்ட. அதைப் பத்தி நான் எதுவும் கேட்கல. கையெழுத்து மட்டும்தான் கேட்கறேன்.

ஊசி


9 மார்ச்

அன்புள்ள மச்சானுக்கு,

உமது மூன்றாம் தேதிக் கடிதமும், ஒப்புதல் படிவமும், பாட்டின் பிரதியும் நல்ல நிலையில் கிடைத்தன. கையெழுத்திடுவதில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது சிறியது. உறையில் என் பெயரோ, அக்காலத்தில் நீங்கள் இருவரும் என்னை அழைத்த ‘ஸ்கேல்’ என்ற பட்டப்பெயரோ இடம்பெறக் கூடாது. ஓய்வுபெற இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. எடையளவு ஆய்வு அலுவலகத்தில் என் மேசைக்கு எதிர்மேசைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், “சார், ஒரு பாட்டு அவுத்து விடுங்களேன்” என்றுதான் வணக்கம் சொல்கிறார்.

இரண்டாவது தடை பெரியது. நீர் அனுப்பிய பிரதியில் உள்ள குரல் என் தங்கையின் குரல் அன்று. அது தாழ்ந்திருக்கிறது. சற்றுக் கனத்திருக்கிறது. அவளுடைய குரல் மெல்லியது, உயர்ந்தது. அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நினைவை மட்டும் நம்பி எழுதுவது என் வழக்கமில்லை என்பது உமக்குத் தெரியும். ஆகவே அளந்து பார்த்தேன். பழைய பதிவுகளின் அடியில் மின்சாரத்தின் இரைச்சல் மெல்லிய ரீங்காரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நம் மின்வழங்கல் விநாடிக்கு ஐம்பது முறை அதிர்வது. அந்த ரீங்காரமும் ஐம்பதாகவே இருக்க வேண்டும். உமது பிரதியில் அது நாற்பத்தெட்டாக இருக்கிறது. மூன்று இடங்களில் அளந்தேன், மூன்றிலும் நாற்பத்தெட்டு. ஆகவே கேசட் உரிய வேகத்தைவிட மெதுவாக ஓடுகிறது. உம் தாளம், என் குரல், அவள் குரல் மூன்றும் நான்கு விழுக்காடு இறங்கியிருக்கின்றன.

வேகத்தைத் திருத்தி அச்சிடுவதானால் கையெழுத்திடுகிறேன். இல்லையெனில் இயலாது. பிழையான ஓர் அளவுக்கு முத்திரை வைப்பது என் தொழிலில் குற்றம்.

இப்படிக்கு,
மச்சான்


16 மார்ச்

மச்சான்,

உன் கடுதாசியை ஸ்டிக்கர்கிட்ட காட்டினேன். “யாருண்ணே இவரு, பாட்டை தராசுல வச்சுப் பார்க்கறாரு?”ன்னான். என் மச்சான்டான்னேன்.

எனக்குக் கோபம் வரணும். வரல. வந்திருந்தா என்ன எழுதியிருப்பேனோ அதை எழுதறேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த அஞ்சாவது வருஷம், கேசட் கைமாறிக் கைமாறி உன் மேலதிகாரி மேசைக்கே போச்சு. வெளியில பாட்டுப் பாடறியா, விதி இருக்குன்னு விளக்கம் கேட்டாங்க. நீ எழுதிக் கொடுத்த: அந்தக் குரல் என்னுடையது அல்ல, உடன் பாடும் பெண் எவரென அறியேன். உங்க ஆபீஸ்ல அதை டைப் அடிச்ச அம்மா எங்க பக்கத்து வீட்டுக்காரியோட அக்கா. ரெண்டே நாள்ல இங்க வந்துடுச்சு. உன் தங்கச்சி அழல. “அறியேன்னு எழுதியிருக்கான் பாரு, எவ்வளவு நல்ல தமிழ்”னு சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிட்டா. அப்புறம் பத்தொன்பது வருஷம் அவ உன் பேச்சை எடுக்கல. நீயும் வரல.

இப்ப நீ வந்து அவ குரல் இதில்லைங்கற. பத்தொன்பது வருஷம் அந்தக் குரல்தான்டா என்னை பேஸ்ட் வாங்கிட்டு வரச் சொல்லுச்சு. அந்தக் குரல்தான் ஆஸ்பத்திரியில “ஃபேனைக் குறைங்க”ன்னு சொல்லுச்சு.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அவளுக்கு வாய்ஸ் நோட் போடறதே பிடிக்காது. “மிஷின்கிட்ட பேச என்னால ஆகாது, ஃபோனை எடு”ம்பா. வீடியோல கேமரா பக்கம் வந்தாலே வாயை மூடிக்குவா. பதிஞ்ச குரல்னு எங்கிட்ட இருக்கறது அந்தக் கேசட் ஒண்ணுதான். எட்டு மாசமா தினம் போடறேன். இப்ப எனக்கு ஞாபகம் இருக்கறது அவளா, கேசட்டான்னு எனக்கே தெரியல. பேஸ்ட் வாங்கச் சொன்ன குரலையும் கேசட் குரல்லதான் நினைச்சுப் பார்க்கறேனோ என்னமோ. பீட்டை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, அன்னைக்கு டர்ன்டேபிள் வேகத்தைக் கையாலதான் தள்ளி வச்சேன். எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்.

நீ அளந்திருக்க. நான் அளக்கல. 24-ஆம் தேதி அச்சுக்குப் போகணும். சரி, உன் வேகத்துலயே போடச் சொல்லிட்டேன். சண்டை போடறதுக்குத் தெம்பு இருந்தா போட்டிருப்பேன்.

ஊசி


20 மார்ச்

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்திட்ட படிவம் இத்துடன் உள்ளது. திருத்தவேண்டிய விகிதத்தை நான்கு தசமங்கள் வரை தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அச்சகத்தார் அதை முழு எண்ணாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

விளக்கக் கடிதம் பற்றி எழுதியிருந்தீர். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. நீர் சொன்ன வாசகம் சரியானது, ஒரு சொல்லும் மாறவில்லை. அது பொய். பொய்யென்று தெரிந்தே எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் ஒரு கண்டனக் குறிப்போடு முடிந்திருக்கும் என்பது ஆறு மாதங்களுக்குப் பிறகு, வேறொருவருடைய கோப்பைப் பார்த்தபோது தெரிந்தது. அவர் மிருதங்கம் வாசித்தவர். ஒரு பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு இன்றைக்கும் வாசிக்கிறார். அதன் பிறகு வந்து சொல்லியிருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும், இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. ஆண்டு கூடக் கூட அந்தக் காரணமும் வலுத்தது.

அவள் இறந்த மறுநாள் நான் விடுப்பு எடுக்கவில்லை. எரிபொருள் நிலையங்களில் ஐந்து லிட்டர் அளவுப்பாத்திரம் வைத்துச் சோதிக்கும் பணி இருந்தது. நான்கு நிலையங்கள், பதினாறு குழாய்கள். ஒவ்வொன்றின் அளவையும் எழுதினேன். ஒன்றிலும் பிழையில்லை. மாலையில் உடன்வந்த உதவியாளர், “என்ன சார் ஒரு மாதிரி இருக்கீங்க?” என்று கேட்டார். ஒரு மாதிரியும் இல்லை என்றேன். அதுவும் சரியாகவே இருந்தது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
மச்சான்


14 ஏப்ரல்

மச்சான்,

தட்டு வந்துடுச்சு. முந்நூறு. ஒண்ணு உனக்கு இதோட வருது. உறையில உன் பேரு இல்ல. ராப் பாடியவர்னு போட்டு ஒரு கோடு. ஸ்டிக்கருக்கு அதுவே பிடிச்சுப் போச்சு, “செம மர்மம்ணே”ங்கறான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்டேன். முதல்ல உன் ராப். நீ சின்னப்பையன் மாதிரி இருக்க, இருபத்தாறு வயசுல அப்படித்தான் இருந்தியோ என்னமோ. அப்புறம் பல்லவி வந்துச்சு. நல்லா பாடறாங்க. யாரோ பாடறாங்க. நான் ஒருவாட்டி எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி போட்டேன். அப்பவும் யாரோதான்.

வாடகை வந்திருந்தா, அந்த ஆல்பம் போட்ட பொண்ணு. 26-ஆம் தேதி அவளுக்கும் அரைமணி நேரம் இருக்கு. அவகிட்ட போட்டுக் காட்டினேன்.

“அண்ணே, அக்கா ஸ்கூல் படிக்கறப்ப பாடினதா?”

“இருபத்திநாலு வயசும்மா அப்ப.”

“அப்படித் தெரியல. பெஞ்சுல ஏறி நின்னு பாடற மாதிரி இருக்கு.”

கேசட்டை நிறுத்திட்டேன். சரியான வேகம் எதுன்னு தெரிஞ்சப்புறம் தப்பானதைக் கேட்டுக்கிட்டிருந்தா அது அவளுக்கு நல்லதில்லைன்னு தோணுச்சு. அதனால ரெண்டையும் போடறதில்ல. வீடு சும்மா இருக்கு. ஃபிரிட்ஜ் மட்டும் அப்பப்ப உறுமும்.

26-ஆம் தேதி வரியான்னு கேட்கமாட்டேன். யார் யார் வாசிக்கறாங்கன்னு மட்டும் சொல்றேன்: ஏழு மணிக்கு ரெண்டாவது ஷிப்ட், ஏழரைக்கு வாடகை, எட்டுக்கு நம்ம தட்டு, அதுக்கப்புறம் நான் சும்மா ஏதாவது போட்டுக்கிட்டிருப்பேன்.

ஊசி


19 ஏப்ரல்

அன்புள்ள மச்சானுக்கு,

இக்கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். அதை இக்கடிதத்தைப் படித்த பிறகு திறக்கவும்.

இசைத்தட்டு பதினாறாம் தேதி கிடைத்தது. என்னிடமுள்ள பழைய கருவியில் வேகத்தை மாற்றும் வசதியில்லை, அச்சிட்டபடியே கேட்டேன். பல்லவி தொடங்கியதும் எனக்கு ஐயமே எழவில்லை. என் தங்கைதான். பள்ளிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “அண்ணே, கதவைத் திற” என்று அழைப்பாளே, அந்தக் குரல். நான் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. தட்டை உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில், நீர் எழுதியிருந்த அந்தப் பெண்ணின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவள் அப்படி என்னை அழைத்தது பதினாறு வயதில். நாம் பதிந்தது இருபத்துநான்கில். எட்டு ஆண்டுகள் இடைவெளி. என் நினைவிலிருந்த குரல் எந்த வயதுக்கு உரியது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பதிவு நாளன்று நான் குறிப்பேடு வைத்திருந்தேன். நீங்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் உள்ளபடியே தருகிறேன். “பிற்பகல் 2.40 மின்தடை. 3.05 தையல்கடை ஜெனரேட்டரிலிருந்து இணைப்பு. 3.20 மூன்றாம் பதிவு. இதுவே தேர்வு.”

சிறிய ஜெனரேட்டர்கள் பாரம் ஏறினால் ஐம்பது அதிர்வுகளைத் தர இயலாமல் தளரும். அதே வகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு தையல் எந்திரத்தையும் மூன்று விளக்குகளையும் இணைத்து நேற்று அளந்தேன். நாற்பத்தெட்டு. கேசட் கருவியின் வேகமோ மின்வழங்கலைச் சார்ந்ததன்று, அதன் மோட்டார் வேறு வகை. அதாவது ரீங்காரம் நாற்பத்தெட்டாகவே பிறந்தது, நாற்பத்தெட்டாகவே பதிவானது. கேசட் சரியான வேகத்தில்தான் ஓடியது. நீர் இத்தனை நாளும் கேட்டுவந்ததுதான் அவள் குரல். நான் அளந்தது சரி. அளவிலிருந்து வந்த முடிவு தவறு.

இதை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்வதா வேண்டாமா என்று ஏறத்தாழ அரைமணி நேரம் யோசித்தேன். அதையும் உமக்குத் தெரிவிப்பது முறை.

பிறகு நீர் முதலில் அனுப்பிய பிரதியை மறுபடி கேட்டேன். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. கனத்த, நிதானமான குரல். ஓர் அடியை இழுத்துப் பாடும்போது எங்கோ சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். பெரியவள். அவளோடு நான் ஐந்தாண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பாட்டு எழுதியிருக்கிறேன்.

மறுபதிப்புக்கு இனி நேரமில்லை என்பது தெரியும். ஆகவே பிழைதிருத்தச் சீட்டுகள் எழுதியிருக்கிறேன். அச்சிடக் கொடுத்தால் காலதாமதமாகும் என்பதால் கையால் எழுதினேன். பெட்டியில் முந்நூறு உள்ளன, நாற்பதாம் சீட்டுக்குப் பிறகு எழுத்து சற்றுச் சாய்ந்திருக்கும், பொறுத்தருளவும். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒன்று வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாசகம் இது:

“பிழைதிருத்தம். இத்தட்டு நான்கு விழுக்காடு மிகை வேகத்தில் அச்சாகியுள்ளது. கருவியின் வேகத்தை மைனஸ் நான்கில் வைத்துக் கேட்கவும். பிழை, ராப் பாடிய என்னுடையது. பல்லவி பாடியிருப்பவர் என் தங்கை.”

கீழே என் முழுக் கையெழுத்தும், பதவியும், அலுவலக முகவரியும் உள்ளன.

இப்படிக்கு,
மச்சான்


29 ஏப்ரல்

மச்சான்,

பெட்டி வந்துச்சு. ஸ்டிக்கரும் வாடகையும் நானும் உட்கார்ந்து எல்லா உறையிலயும் போட்டோம். ஸ்டிக்கர் நூறைத் தாண்டினதும் ஒண்ணைத் தூக்கிப் பார்த்தான். “ஏண்ணே, இவரு எல்லாத்துலயும் பதவி போட்டிருக்காரு. நாளைக்கு ஆபீஸ்ல பிரச்சினை வராதா?” வரட்டும்னு வாடகை சொன்னா. நான் அடுத்த உறையை எடுத்தேன்.

எட்டு மணிக்குத் தட்டைப் போட்டேன். டர்ன்டேபிள் ஓரத்துல வேகத்தைக் கூட்டிக் குறைக்கற நீளமான பிடி இருக்கும், அதை மைனஸ் நாலுல வச்சேன். பல்லவி வந்துச்சு. அவதான். சந்தேகமே இல்ல. அழுகை வரும்னு ஸ்பீக்கர் பின்னாடி நகர்ந்து நின்னேன். வரல. டேபிளுக்கே திரும்பி வந்து நின்னுக்கிட்டேன். ஜனம் தலையை ஆட்டிக்கிட்டிருந்துச்சு. யாருக்கும் எதுவும் தெரியாது. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

நீ வந்ததைப் பார்த்தேன். வாசல் பக்கம், ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சுக்கிட்டு, இன் பண்ணின சட்டையோட. தீயணைப்புத்துறை ஆய்வுக்கு வந்த ஆளுன்னு நினைச்சு கிளப்காரன் உனக்கு ஜூஸ் கொடுத்திருக்கான். பல்லவி வந்தப்ப பஞ்சை எடுத்த. முடிஞ்சதும் மறுபடி வச்சுக்கிட்ட. நான் அடுத்த தட்டை மாத்திட்டுத் திரும்பறதுக்குள்ள போயிட்ட. பரவாயில்ல. இந்த வாட்டி உள்ள வந்து நின்ன.

இப்ப எனக்கு ஒண்ணு ஆயிருக்கு, அதைத்தான் சொல்ல வந்தேன். கேசட்டை மறுபடி போட ஆரம்பிச்சுட்டேன். ஆனா என் தட்டுலேர்ந்து உன் சீட்டை எடுத்துட்டேன். மைனஸ் நாலு வைக்காம, உன் தப்பான வேகத்துலயும் தினம் ஒருவாட்டி கேட்கறேன். யாரோ பாடறாங்கன்னு எழுதினேன்ல, அது யாருன்னு நீ சொல்லிட்ட. நான் அவளை முதல்முதலா பார்க்கறப்ப அவளுக்கு இருபத்திரெண்டு. செருப்பைக் கழட்டாம வாசல்ல நின்னு கத்தற பொண்ணை எனக்குத் தெரியாது. அவ சொன்னதில்ல. உன்னைப் பத்திப் பேசாம அதைச் சொல்லியிருக்க முடியாது, அதனால சொல்லாமயே விட்டுட்டா போல.

பதினாறு வயசுல அவ எப்படி இருந்தான்னு எழுது. ஒரு பக்கம் போதும். அவ கத்தினதும் நீ உடனே கதவைத் திறப்பியா, நிக்க வைப்பியா, அதையும் எழுது.

ஊசி